சிறார் நூற்றெரிவு: விளையாட்டும் விஞ்ஞானமும் நகையும்

பாடசாலையொன்றில் ஆரம்ப வகுப்பினர்க்கென ஒதுக்கப்பட்ட நூல் அலுமாரியைத் திறந்து நோக்குவார்க்கு ஒரு காட்சி தப்பாமற் புலப்படும். மேற்றட்டு முழுவதும் நீதிக்கதைகளும் பெரியோர் வரலாறுகளும் வரிசை குலையாது நிற்கும். அவற்றின் அட்டைகள் அச்சகத்திலிருந்து வந்தநாட் போலவே பளபளக்கும். கீழ்த்தட்டின் மூலையிலே, ஓரம் கறுத்துத் தையல் விட்டுப்போன நூல்கள் நாலைந்து கிடக்கும். அவை பெரும்பாலும் சிரிப்புக்கதைகளாகவோ, பிராணிகளையும் யந்திரங்களையும் பற்றிய படநூல்களாகவோ இருக்கும். மேற்றட்டு நூல்களைத் தெரிந்தவர் பெரியோர். கீழ்த்தட்டு நூல்களைத் தெரிந்தவர் பிள்ளைகள். இவ்விரு தெரிவுகளுக்கும் இடையேயுள்ள தூரம் இதுகாறும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

எட்டு வயது முதற் பத்து வயது வரையுள்ள பருவம் வாசிப்பைப் பொறுத்தவரையில் இடர் மிக்கதொரு பருவமாகும். எழுத்துக்கூட்டும் தொல்லை அப்பொழுதுதான் நீங்குகின்றது. வாசிப்பினால் வரும் இன்பமோ இன்னும் உறுதிப்படவில்லை. அவ்வேளையிலேதான் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் எதிர்ப்படுகின்றது. அதன்பின் புத்தகம் என்றாலே வினாத்தாட் தொகுதி என்று பிள்ளை பொருள் கொள்ளுமாயின், அதனைக் குற்றங்கூறுதல் தகாது. இக்காலத்திற் கைநழுவிய பிள்ளையைப் பின்னர் எட்டாந்தரத்திலே இலக்கியங் காட்டி மீட்டுவிடலாம் என்று நம்புவோர் அப்பணியைச் செய்து பார்த்தவரல்லர். கதைநூலைத் தொடாத சிறுவன் வாசிப்பையே வெறுக்கின்றான் என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். அரசகுமாரன் ஏழு கடல் தாண்டிய கதை அவனுக்கு வேண்டியதில்லை; ஆகாய விமானம் எவ்வாறு எழுகின்றது என்பதே அவனுக்கு வேண்டும். அதனைக் கேட்டு வருபவனிடம், ‘முதலிலே நல்ல நூலொன்றை வாசி’ என்று கூறிவிடுகின்றோர் உளர்.

நகைச்சுவை நூல்களே முதற்கண் எண்ணத்தக்கன. தமிழ் உரைநடையின் தொடக்க காலத்திலேயே சிறந்ததொரு நகைநூல் தோன்றியமை நற்பேறாகும். வீரமாமுனிவர் (1680 - 1747) பிறநாட்டிலிருந்து வந்த தம்மினத்தார் பேச்சுத்தமிழ் பயில்வதற்கென இயற்றிய பரமார்த்த குரு கதை 1822ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரில் அச்சேறியது. பிள்ளைகளுக்காக எழுதப்படாத அந்நூலைப் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. ஆறு கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு ஏனையோரை மாத்திரம் எண்ணி, ஒருவர் ஆற்றோடு போயினார் என்று அழும் இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை வயிறு குலுங்கச் சிரிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை சிரியாது. எண்ணுதலில் நேரும் வழுவைத் தான் வென்று முடித்தபின்னரே அவ்வழுவைக் கண்டு சிரிக்க முடியும். ஆகவே, ஒரு நூல் எவ்வயதினர்க்கு ஏற்றது என அறிய விரும்பும் ஆசிரியர் பதிப்பாளர் அட்டையிற் பொறித்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. அந்நூலிற் சிரிப்புக்கு அடிப்படையாக நிற்கும் அறிவு அப்பிள்ளைக்கு வந்துவிட்டதா என்று நோக்கினாற் போதும்.

பூசணிக்காயைக் குதிரை முட்டையென விலைக்கு வாங்கிய கதையின் இறுதியிலே, ‘இதனால் அறியப்படும் நீதி’ என ஒரு வரியைச் சேர்த்துச் சில பதிப்புக்கள் வருகின்றன. அவ்வரி கதையைக் கெடுப்பதொன்றே செய்யும். சீடரின் பேதைமையைத் தானே கண்டுகொண்ட பெருமிதத்தோடு நிற்கும் பிள்ளைக்கு, அதனை இன்னொருவர் விளக்கிக் காட்டுவது அவமதிப்பாகும்.

ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதித் தமிழில் வந்த ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ என்னும் நூல் வேறொரு வகையைச் சார்ந்தது. நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த மகளுக்குத் தந்தை கூறிய தன் இளமைக்காலப் பிழைகளின் தொகுதி அது. அழகிய புதுப் பந்தொன்றைப் பெற்ற சிறுவன் அதனை மோட்டார் வண்டியின்கீழ் எறிந்து இழக்கின்றான். ஏன் எறிந்தான் என்பதற்கு அவனிடம் தக்க விடை இல்லை. ஒன்பது வயதினர் எவரிடமும் அத்தகைய வினாவுக்கு விடை இருப்பதில்லை. பெரியோரும் ஒருகாற் பேதையராயிருந்தனர் என்னும் செய்தி பிள்ளைக்குத் தரும் ஆறுதல் பெரிது. இந்நூலின் நகைப்புக்கு இலக்காகின்றவர் கதை கூறுபவரேயாவர், பிறரல்லர். இதுவே கருதத்தக்கது. ஏனெனில், திக்கிப் பேசுவோனையும் பருத்த உடம்பினனையும் செவிப்புலன் குன்றியவனையும் காட்டிச் சிரிப்பூட்டும் நூல்கள் இன்றும் கடைகளில் மலிந்துள்ளன. அவற்றை வகுப்பிலே உரத்து வாசிக்குங்கால், மூன்றாம் வாங்கிலே தலைகுனிந்திருக்கும் பிள்ளையை ஒருமுறை நோக்கினால், அந்நூலைப் பற்றிய மதிப்புரை எழுதவேண்டிய தேவை ஒழிந்துவிடும்.

ஈழத்திலே இத்துறைக்கு முன்னோடியாக நின்றவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர். 1953இல் அவர் மறைந்தபின் 1955இல் வெளிவந்த ‘சிறுவர் செந்தமிழ்’ தொகுதியிலே கத்தரித் தோட்டத்து வெருளியைக் காவலாளாக விளித்துப் பாடிய பாட்டு, கேலியும் இரக்கமும் ஒருங்கே விளங்க அமைந்தது. தோட்டமும் வெருளியும் அறிந்த பிள்ளைக்கு விளக்கவுரை வேண்டப்படுவதில்லை. இக்காலத்து நகரப் பிள்ளைக்கு வேண்டப்படலாம். ஆயினும், அது பாட்டின் குற்றமன்று.

இனி, விஞ்ஞான நூல்களை நோக்குமிடத்து நிலைமை சிக்கலுடையது. ‘நான் ஒரு நீர்த்துளி’ என்றாற்போல, சடப்பொருள் தன் வரலாறு கூறும் நூல்களைப் பதிப்பாளர் பெரிதும் விரும்புகின்றனர். நீர்த்துளி வாய்திறந்து ஆவியாதலையும் ஒடுங்குதலையும் பாடநூலிற் கண்ட அதே வாக்கியங்களால் ஒப்புவிக்கும். கதையை நாடியவனுக்கு அதிலே கதையில்லை. விஞ்ஞானத்தை நாடியவனுக்கு அதிலே சோதனையில்லை. மேலும் அத்துளி எப்பொழுதும் மலையிற் பிறந்து ஆற்றிலோடியே கடலையடைகின்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளை தன் வீட்டுக் கிணற்றுநீர் எங்கிருந்து வந்தது என்பதை அந்நூலால் அறியமாட்டாது. மாரிமழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தேங்குவதும், நன்னீர் பாரங் குறைந்தமையால் உவர்நீரின்மேற் படிந்து நிற்பதும், நிலாவரைக் கேணியிலே மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருப்பதும் கதையினும் வியப்புடையன. உவர்நீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையிலே சாயமிட்ட நன்னீரை மெல்ல வார்த்து அதனைக் கண்ணாற் காணலாம். இத்தகைய சோதனையொன்றைக் கூறும் நாலு பக்கம், பேசும் நீர்த்துளியின் நாற்பது பக்கத்தினும் மேலானது.

மைக்கல் பரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில், லண்டன் றோயல் நிறுவனத்திலே இளையோர் முன்னிலையில் மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாக வைத்து ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். அருகிலிருக்கும் எளிய பொருளொன்றைத் துருவித் துருவி நோக்குதலே அவருடைய முறை. 1990ஆம் ஆண்டு முதற் பல்லாண்டுகள் மின்சாரமின்றிக் கழித்த யாழ்ப்பாணத்திலே ஒரு தலைமுறை, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கொளியிற் கல்வி கற்றது. திரியில் எண்ணெய் ஏன் ஏறுகின்றது, சுடரின் நுனி ஏன் புகைக்கின்றது, சிறிதளவு எண்ணெய் நெடுநேரம் நின்றெரிய வகை யாது என்பனவெல்லாம் அப்பிள்ளைகள் நாடோறும் கண்டவை. பரடேயின் விரிவுரைகளைப் போன்றதொரு நூலுக்கு வேண்டிய பொருள் முழுவதும் அவர்களின் மேசைமீதே இருந்தது. அதனை எழுதுவார் இன்று எழுதினும் காலங்கடந்ததாகாது.

தமிழிலே விஞ்ஞானத்தை எளிய நடையில் எழுதலாம் என்பதைப் பெ. நா. அப்புஸ்வாமி (1891 - 1986) நெடுங்காலத்திற்கு முன்னரே நிறுவிவிட்டார். பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இவ்வழிப்பட்ட பெருமுயற்சியாகும். ஒன்றைத் தேடப்போய் வேறொன்றில் மனம் பறிகொடுக்கும் இன்பம் அதனைப் புரட்டியோர் அறிந்ததே. ஆயினும், 2006ஆம் ஆண்டிலே புளூட்டோ கோள்களின் வரிசையினின்றும் நீக்கப்பட்டமையின், ஒன்பது கோள்கள் எனக் கூறும் பழைய நூல்களை அலுமாரியினின்றும் அகற்றிவிட வேண்டுமென்பார் சிலர். அது மிகையான தூய்மை. பிழைபட்ட பக்கத்திலே ஆண்டினைக் குறித்துத் திருத்தச் சீட்டொன்றை ஒட்டிவைப்பின், அறிஞரும் தம் கூற்றை மாற்றுவர் என்பதைப் பிள்ளை அறிந்துகொள்ளும். வைத்தியம், மின்சாரம், நஞ்சு என்பனபற்றிய பழைய நூல்களுக்கு இச்சலுகை பொருந்தாது. பிழையான அறிவுரை அங்கே தீங்கு விளைக்கும்.

யாக்கோவ் பெரெல்மான் 1913இல் எழுதிய, பொழுதுபோக்காகப் பௌதிகம் பயிற்றும் நூலினை ஆரம்ப வகுப்புக்கு வாங்கி வைப்போரும் உளர். நூல் மிக நன்று, வயதுதான் பொருந்தவில்லை. அதனைப் பதின்மூன்று வயதினர்க்கு விட்டுவைப்பது நூலுக்கும் பிள்ளைக்கும் நலம்.

விளையாட்டு நூல்களின் குறை வேறு. ஆடுகளத்தின் நீள அகலம், சங்கம் நிறுவப்பட்ட ஆண்டு, வென்றோர் பெயர்ப்பட்டியல் என்பனவற்றோடு அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. மைதானத்தில் ஓடிக் களைத்து வந்த சிறுவன் வினவுவதோ, ‘எப்படிச் செய்தார்?’ என்பதே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அதற்கு முன் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போணிலும் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாக்களிற் போட்டியிட்டு அவர் பதக்கமின்றியே மீண்டிருந்தார். அவர் வரலாற்றைச் சிறுவர்க்கு எழுதுபவர் அந்த ஆறாண்டுகளை ஒரு வாக்கியத்திற் கடந்து செல்வாராயின், கதையின் உயிர்நிலையை விட்டவராவர். 2.03 மீற்றர் என்பது ஆறடி எட்டு அங்குலம். சுவரிலே கோடிழுத்துப் பார்க்குமாறு நூல் பிள்ளையைத் தூண்டவேண்டும். முதுகு கீழாகக் கம்பத்தைக் கடக்கும் முறையினை டிக் பொஸ்பரி 1968இல் மெக்சிக்கோவிலேதான் உலகறியக் காட்டினார். அங்ஙனமாயின், பத்தாண்டின் முன் டோக்கியோவிற் பாய்ந்தவர் உடம்பை எவ்வாறு திருப்பியிருப்பர் என்று கூர்ந்த பிள்ளை வினவும். அவ்விடத்தில் விளையாட்டு நூல் விஞ்ஞான நூலாகிவிடுகின்றது.

1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சென்று, ஐம்பத்தொரு மணி நேரத்தில் மீண்ட ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றி எழுதுவோரும் அவர்தம் சாதனைகளை அடுக்குவதிலேயே ஊக்கங் காட்டுவர். நீரில் நின்றபடியே எவ்வாறு உண்டார், கண்ணயரவில்லையா, இரவிலே திசை எவ்வாறு தெரிந்தது என்பன கூறப்படா. 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்துகையில் அவர் உயிர்நீத்தமையையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை.

வெற்றி பெறாப் பிள்ளைக்கும் விளையாட்டு நூலிலே இடமுண்டு என்பதற்கு ‘டோட்டோ-சான்’ சான்று. தெத்சுகோ குரோயாநாகி 1981இல் எழுதிய அந்நூலிற் கோபயாஷி என்னும் தலைமையாசிரியர், கைகால் வளர்ச்சி குன்றிய தக்கஹாஷி என்னும் சிறுவனுக்கு வாய்ப்பாகும் வண்ணம் போட்டிகளை அமைக்கின்றார். துணிமீனின் உடலுக்குள்ளே தவழ்ந்து செல்லும் ஓட்டத்திலும், படியேறும் அஞ்சலோட்டத்திலும் குறுகிய உடம்பே துணையாகின்றது. பரிசாகக் கிடைப்பன காய்கறிகள். இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலே ஆண்டுதோறும் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டும் பிள்ளைகள் இவ்வத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பர்.

இவையனைத்திலும் சிறியதாய், ஆயினும் நாடோறும் இடர்செய்வதாய், சொற்சிக்கல் ஒன்றுண்டு. சிறுவர்க்கான தமிழ் நூல்களிற் பெரும்பகுதி தமிழகத்திலிருந்து வருகின்றது. அங்கே ஆக்சிஜன் என்பது இங்கே ஒட்சிசன். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. இயற்பியல் இங்கே பௌதிகவியலாகவும், வேதியியல் இரசாயனவியலாகவும் பயிலப்படுகின்றன. கால்பந்து என்பதனை உதைபந்தாட்டம் என்றும், கைப்பந்து என்பதனைக் கரப்பந்தாட்டம் என்றும், கிரிக்கெட்டினைத் துடுப்பாட்டம் என்றும் ஈழத்துப் பிள்ளை அறியும். நூலிற் கண்ட சொல்லைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி இழந்த பிள்ளையின் பெற்றோர் அடுத்த நூலை வாங்கமாட்டார். இதனைக் காரணமாக்கித் தமிழக நூல்களை விலக்குதல் அலுமாரியை வெறுமையாக்குவதேயாகும். நூலின் உள்ளட்டையிலே இருவகைச் சொற்களையும் எதிரெதிரே எழுதிய தாளொன்றை ஒட்டுதற்கு அரைமணி நேரமும் சிறிது பசையும் வேண்டும். அதனை ஐந்தாந்தர மாணாக்கரைக் கொண்டே எழுதுவித்தல் நன்று. அவர் எழுத்திலே அமைந்த தாளையே நாலாந்தரத்தினர் விரும்பி வாசிப்பர்.

கிளித்தட்டு முதலிய ஊர் விளையாட்டுக்களின் விதிகளைத் தொகுக்கும் பணியையும் அவ்வாறே தொடங்கலாம். கிளி எக்கோடுகளில் ஓடலாம், தட்டு மறிப்போர் எக்கோட்டினின்றும் நீங்கலாகாது என்பன ஊருக்கூர் வேறுபடும். வேறுபாட்டையும் எழுதிவைத்த கையெழுத்துப் புத்தகமொன்று அலுமாரியில் இருக்குமாயின், இடைவேளையிற் பிணக்கு மூளும்போதெல்லாம் யாரேனும் ஒரு பிள்ளை அதனைத் தேடி ஓடிவரும்.