முஅத்திபும் ஃபிதாயீகளும்

விஞ்ஞானப் புனைகதைகளில் வேற்றுக் கிரகத்துப் போர்வீரர்களுக்குப் பஞ்சமில்லை. கவசமும் ஒளிக்கற்றைத் துப்பாக்கியும் தரித்து வந்து, நான்கு அத்தியாயங்களுக்குள் மாண்டு மறைபவர்களே அவர்களுட் பெரும்பாலோர். அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட 'டியூன்' என்னும் நாவலில் வரும் ஃபெதாய்கின் படையினர் அவ்வரிசையிற் சேரார். வேற்றுக் கிரகத்தவர் எனினும் அவர்களும் மனித இனத்தவரே. அவர்களைக் குறித்துத் தனியே எழுத நேர்ந்ததற்குக் காரணம், அவர்கள் தாங்கி நிற்கும் பெயர் மதரஸாவில் இலக்கணம் தொடங்கிய மாணவனும் வேர் கண்டு சொல்லத்தக்க அரபுச் சொல்லாக இருப்பதே.

கதையை அறியாதார் பொருட்டு அதைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். அராக்கிஸ் ஒரு பாலைவனக் கிரகம். விண்வெளியிற் கப்பல் செலுத்த இன்றியமையாத நறுமணப் பொருளொன்று அங்கு மட்டுமே விளைகிறது. அக்கிரகத்தை ஆள வந்த அத்ரெய்டீஸ் பிரபுவைப் பகைக்குலத்தாரும் பேரரசனும் சேர்ந்து சூழ்ச்சியால் வீழ்த்துகின்றனர். பேரரசனின் தேர்ந்த படையான சர்தௌகர், பகைக்குலத்தாரின் சீருடையில் மறைந்து வந்து அதற்குத் துணை நிற்கிறது. பிரபுவின் மகன் பால், தாயுடன் தப்பி, ஃபிரேமன் என்னும் பாலைக்குடியினரிடம் அடைக்கலம் புகுகிறான். அவர்களிடையே முஅத்திபு என்று பெயர் பெறுகிறான். அவனைச் சூழ்ந்து நின்று உயிர் கொடுக்கச் சூளுரைத்தவர்களே ஃபெதாய்கின். முடிவில் மணற்புயலினூடே, மலையொத்த புழுக்களின் மீதேறி வந்து, சர்தௌகரை முறியடித்துப் பேரரசனை அரியணையிலிருந்து இறக்குகின்றனர்.

ஃபிதா என்பதற்கு ஈடு கொடுத்து மீட்டல் என்பது பொருள். நோன்பு நோற்க இயலாத முதியவர் ஏழைக்கு உணவாகக் கொடுக்கும் ஃபித்யாவும் இவ்வேரிற் பிறந்ததுதான். போர்க் கைதியை விடுவிக்கக் கொடுக்கும் பொருளையும் இவ்வேர்ச் சொல்லாலேயே சுட்டுவர். ஆகவே ஃபிதாயீ என்பவன் தன்னுயிரை ஈடாக வைத்துப் பிறரை மீட்பவன். நாவலின் இறுதியில் ஹெர்பர்ட் சேர்த்துள்ள சொற்பட்டியலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஓர் அநீதியை நீக்குதற்கு உயிரை அர்ப்பணித்த கூட்டத்தார் என அது விளக்கம் தருகிறது. ஃபிதாயீன் என்ற பன்மையினுள் ஒரு ககரம் புகுந்தது, பல்லாயிரம் ஆண்டுகள் நாவிற் புரண்டு சொல் தேய்ந்ததைக் காட்டுதற்கு எனக் கொள்ளலாம். 1090-இல் ஹஸன் இப்னு ஸப்பாஹ் கைப்பற்றிய அலமூத் கோட்டையின் ஃபிதாயீகள் இப்பெயருக்கு வரலாற்றில் ஒரு கருநிழலைத் தந்துவிட்டனர். 1092-இல் வஸீர் நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டபோது பழி அவர்கள் மீதே விழுந்தது. 1256-இல் மங்கோலியர் அக்கோட்டையைக் கைக்கொண்ட பின்னரும் அந்நிழல் அகலவில்லை.

இருவகைப் படைகளையும் ஹெர்பர்ட் எதிரெதிரே நிறுத்தியிருக்கும் திறம் மெச்சத்தக்கது. சர்தௌகர் பிறந்து வளரும் சிறைக் கிரகத்தின் கொடுமையில், பதின்மூவருள் அறுவர் பதினொரு வயதுக்கு முன்னரே மடிந்துவிடுவர். அக்கொடுமையே அவர்களை உருவாக்கிற்று. ஆயினும் அரசனின் செல்வத்தில் தோய்ந்து, செருக்கால் தளர்ந்து, தம் நம்பிக்கைகளைத் தாமே எள்ளி நகையாடும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டனர். இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவைப் பயின்றவர் இவ்விடத்திற் புன்முறுவல் பூப்பர். பாலையின் வறுமையில் திரண்ட அஸபிய்யா என்னும் குழுப்பற்று, நகரத்துச் சுகத்தில் சில தலைமுறைகளுக்குள் கரைந்துபோகும் என்று அப்பெரியார் வகுத்த விதி இங்கே கதையாக நடக்கிறது. தென்திசைக் குடியிருப்பொன்றுக்குக் கைதி பிடிக்கச் சர்தௌகர் ஐந்து கலங்களிற் செல்கின்றனர். அங்கிருந்தோர் பெண்டிரும் முதியோரும் சிறாருமே. மூன்று கைதிகளுடன் ஒரே கலம் தப்பி மீள்கிறது. தேர்ந்த படையென்று தனியே ஒன்றை வளர்த்தவன் தோற்கிறான். ஒரு குடி முழுவதுமே படையாய் நிற்குமிடத்தில் அவன் பயிற்சி செல்லவில்லை.

குறைக்கு வருவோம். அதே சொற்பட்டியலில் ஷரீஆ என்பதற்கு, மூடச் சடங்குகளை வகுக்கும் பகுதி என்பதாக விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பெனி ஜெஸரிட் என்னும் மாதர் சங்கம், தன்னைச் சேர்ந்தோர் என்றேனும் இடரில் அகப்பட்டால் உதவட்டுமென்று கிரகந்தோறும் முன்னறிவிப்புகளை விதைத்து வைத்ததாம். பாலைக்குடியினர் எதிர்பார்க்கும் மஹ்தியும் லிஸானுல் கைபும் அவ்விதைப்பின் விளைச்சலாகவே கதையில் இயங்குகின்றன. இதிற் சூழ்ச்சி அம்பலமாகிறது, உண்மை. ஆனால் ஒரு மக்களின் நம்பிக்கை முழுவதையும் அந்நியர் இட்ட விதையாக்கிவிட்டால், அந்நம்பிக்கைக்காக உயிர் கொடுப்போர் வெறும் ஏமாளிகளாகிவிடுகின்றனர். கிரகம் விட்டுக் கிரகம் விரட்டப்பட்ட குடியினர் இவர்கள் என்று ஆசிரியரே சொல்கிறார். அராக்கிஸ் என்றேனும் பசுமை காணுமென்று தலைமுறை தலைமுறையாக, ஒரு துளியும் சிந்தாமல் நீரைச் சேமித்து வருகின்றனர் என்றும் அவரே காட்டுகிறார். மீட்கத்தக்க பொருள் அதுவன்றோ! அந்த நீரும் அதற்குரிய ஃபிதாவும் ஒரு பிரபு மகனின் பழிதீர்த்தலுக்குத் திருப்பி விடப்பட்டதை நாவல் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

முஅத்திபு என்பது அக்கிரகத்துப் பாலை எலியின் பெயர். தனக்கு வேண்டிய நீரைத் தானே ஆக்கிக்கொள்ளும் அச்சிற்றுயிரைச் சிறுவர்களின் ஆசான் என்று ஃபிரேமன்கள் அழைக்கின்றனர். ஆக, சொல்லின் பொருளை ஹெர்பர்ட் அறிந்தே இட்டிருக்கிறார். முஅத்திபு என்றால் அதபு கற்பிப்பவன்; அப்பாஸியர் காலத்தில் இளவரசர்களுக்கு ஆசான்களாய் அமர்ந்தோர் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். எத்தனையோ ஆண்டுகள் இதே தொழிலைச் செய்துவரும் எமக்கு, இக்கதாநாயகனை அளக்க இப்பெயரே போதும். அதபு என்பது கையையும் நாவையும் அடக்கக் கற்றல். மாணவன் ஒருநாள் ஆசானின்றி நிற்கப் பழகுதலே அதன் பயன். தலைவனாக வேண்டின் ஸ்டில்கார் என்னும் நாயிபைப் போரிட்டுக் கொல்ல வேண்டுமென்று மரபு கூறியபோது பால் மறுத்துவிடுகிறான். அந்த ஓரிடத்தில் அவன் மெய்யாகவே முஅத்திபு. ஆனால் கத்தி தீண்டாத அதே ஸ்டில்கார் கதை முடிவில் நண்பனாக இல்லை. கைகட்டி வணங்கி நிற்கும் அடியானாகிவிடுகிறான். அதைப் பாலே கண்டு வருந்துவதாக எழுதியதில் ஹெர்பர்ட்டின் நேர்மை விளங்குகிறது.

நாயிப் என்ற சொல்லும் ஆராயத்தக்கது. அதற்குப் பிரதிநிதி என்பது பொருள். நாவலிலோ, உயிருடன் பகைவர் கையிற் சிக்கமாட்டேன் என்று சபதமிட்டவன் எனப் பொருள் மாறியிருக்கிறது. காகேசியப் போர்களைப் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் 1960-இல் எழுதிய நூலிலிருந்து பல சொற்கள் 'டியூன்' நாவலுக்குள் வந்திருக்கின்றன. சக்கோப்ஸா மொழியும் கிஞ்சால் என்னும் குறுவாளும் அவற்றுட் சில. தாகெஸ்தானின் இமாம் ஷாமில் தம் நாட்டின் பகுதிகளை நாயிப்களைக் கொண்டே ஆண்டார். பல்லாண்டுகள் ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போரிட்ட அவர் 1859-இல் குனீப் மலையில் முற்றுகைக்குள்ளாகிச் சரணடைந்தார். கலூகா நகரிற் பல்லாண்டுகள் வாழ்ந்து, 1871-இல் மதீனாவிற் காலமானார். நாயிப்களின் தலைவரே உயிருடன் பிடிபட்டார். ஆயினும் அவர் பெருமை குன்றவில்லை. சாவின் மீது காதல் கொண்ட வீரர்களைப் படைத்த நாவலாசிரியர், தம் கைக்கெட்டிய வரலாற்றின் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டார்.

2021-இலும் 2024-இலும் வந்த திரைப்படங்களில் ஜிஹாத் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, ஃபெதாய்கின் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டனர். ஒன்றை அஞ்சி விலக்கி, மற்றொன்றைப் பொருளறியாமல் ஏற்றுக்கொண்டது போலும்! ஆயினும் இரண்டாம் படத்தின் முடிவில், ஃபெதாய்கின் படையைச் சேர்ந்த சானி வணங்க மறுத்து வெளியேறுகிறாள். நாவலில் அத்தகைய மறுப்பு இல்லை.

மறுப்பு 1969-இல் வந்த தொடர்ச்சியிலேயே தலைகாட்டுகிறது. அதற்குள் முஅத்திபின் பெயரால் அறுபத்தொரு பில்லியன் மக்கள் மடிந்துவிட்டனர். அக்கணக்கைப் பாலே தன் வாயாற் சொல்கிறான். ஃபெதாய்கினாயிருந்த கோர்பா இப்போது புரோகிதப் பதவி வகித்து, தன் தலைவனுக்கு எதிராகவே சதி செய்கிறான். இப்னு கல்தூன் தலைமுறைகளாகக் கணக்கிட்டதை ஹெர்பர்ட் ஓராளின் ஆயுளுக்குள் அடக்கிவிட்டார். ஃபரோக் என்னும் முதிய வீரன், தான் படையிற் சேர்ந்ததற்கான காரணத்தை ஓரிடத்திற் சொல்கிறான். இமாமும் அல்ல, மஹ்தியும் அல்ல. கடலென்று ஒன்று உண்டென்று கேள்விப்பட்டான், அதைப் பார்க்க ஆசைப்பட்டான். வேற்றுக் கிரகமொன்றில் அதைக் கண்டு, அதில் மூழ்கி எழுந்த பின் போர்வெறி தன்னை விட்டு நீங்கியது என்கிறான். இரு நாவல்களிலும் எமக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுவே.