பல்லாவரமும் தமிழ் எழுத்தின் தொன்மை விவாதமும்

தமிழ் எழுத்து எப்போது, எதிலிருந்து உருவானது என்ற விவாதம் நூறாண்டுகளாக நடந்து வருகிறது. பாண்டிய நாட்டுக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கை விவாதத்தை மீண்டும் சூடாக்கியது. எழுத்தைப் பற்றிய விவாதம் என்று சொல்லப்பட்டாலும், இதன் அடியில் இருப்பது தமிழர் யார், எவ்வளவு பழையவர் என்ற கேள்விதான். தமிழ் எழுத்து அசோகர் கால பிராமியிலிருந்து வந்தது என்று சிலர் சொல்லும்போது, தமிழ்ப் பண்பாடே வடக்கிலிருந்து வந்தது என்ற முடிவும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. பிராமியே தமிழிலிருந்து பிறந்தது என்று மறுப்பவர்களும் அதே தராசில்தான் நிறுக்கிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவான எடுகோள் ஒன்று உண்டு: எழுத்தைக் கடன் பெறுவது ஓர் இனத்துக்குச் சிறுமை. ஆராய வேண்டியது முதலில் இந்த எடுகோளைத்தான். அதற்குத் தேவையான சான்றுகளில் முக்கியமான சில சென்னையை ஒட்டிய பல்லாவரத்திலேயே கிடைக்கின்றன.

பல்லாவரத்தின் பெயர் தொல்லியல் வரலாற்றில் இடம்பெற்றது 1863 மே 30 அன்று. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்திய வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வின் தொடக்கம் அதுவே. தமிழரின் தொன்மையை நிறுவ இக்கருவியைச் சான்று காட்டுவோர் உண்டு. இது எளிதில் விலக்கத்தக்க வாதம். அதே ஆண்டில் ஃபூட் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் இவ்வகைக் கருவிகள் கிடைத்த அடுக்குகளுக்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கணிக்கப்பட்டுள்ளது. இன்றைய மனித இனம் தோன்றியே ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அக்கருவிகளைச் செய்தவர்கள் எந்த மொழியும் பேசியதற்குச் சான்றில்லை; தமிழ் பேசியிருக்க வழியே இல்லை. மண்ணின் தொன்மை வேறு, மொழியின் தொன்மை வேறு, எழுத்தின் தொன்மை வேறு. விவாதத்தின் குழப்பங்களில் பாதி இந்த மூன்றையும் ஒன்றாக்குவதால் வருகிறது.

எழுத்தைப் பொறுத்தவரை இன்றும் முதன்மையான நூல் ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட, தொடக்ககாலத் தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய ஆங்கில ஆய்வுநூல். மௌரியர் கால பிராமி சமணர், பௌத்தர் வழியே தெற்கே வந்து தமிழுக்கு ஏற்ப மாற்றப்பட்டது என்பது அவர் முடிவு. நூலின் வலிமை இந்த முடிவில் இல்லை. அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதைக் கல்வெட்டு கல்வெட்டாக அவர் காட்டும் முறையில் இருக்கிறது. வடக்கத்திய பிராமியில் குறியெதுவும் இல்லாத மெய்யெழுத்தை அகரம் சேர்த்துப் படிக்க வேண்டும். மெய் மெய்யோடு சேர்ந்தால் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். தமிழுக்கு இது பொருந்தவில்லை. மகன், நெல், ஊர் என மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் ஏராளம். எனவே எழுதியவர்கள் வெவ்வேறு வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் குறியில்லாத எழுத்து வெறும் மெய். அகரம் சேர வேண்டுமானால் பக்கவாட்டில் ஒரு கோடு. இன்னொரு கட்டத்தில் அகரமா, மெய்யா என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து உணர வேண்டும். இறுதியில் புள்ளி வந்தது. மெய்க்குப் புள்ளி என்னும் தொல்காப்பிய விதி, இத்தனை தடுமாற்றத்துக்குப் பின் கிடைத்த தீர்வின் இலக்கண வடிவம். தமிழுக்குத் தேவைப்படாத ஒலிகளின் எழுத்துகள் கைவிடப்பட்டன. தேவைப்பட்ட ழ, ள, ற, ன ஆகியவை புதிதாக உருவாக்கப்பட்டன. லகர வடிவத்தைச் சற்றே மாற்றி ளகரமும், நகர வடிவத்தில் ஒரு வளைவைச் சேர்த்து னகரமும் செய்யப்பட்டதை அக்கல்வெட்டுகளிலேயே பார்க்கலாம்.

இந்தச் சேர்க்கையின் தடம் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் நெடுங்கணக்கிலும் இருக்கிறது. க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம என்னும் பத்தும் தொண்டையில் தொடங்கி இதழ் வரை, ஒலி பிறக்கும் இடத்தின் வரிசையில் செல்கின்றன. பிறகு ய, ர, ல, வ. இந்தப் பதினான்கும் வடமொழி எழுத்து வரிசையிலும் இதே முறையில்தான் நிற்கின்றன. அதன்பின் ழ, ள, ற, ன என நான்கு எழுத்துகள் வால்போல் வருகின்றன. றகரமும் னகரமும் நுனிநா அண்ணத்தைத் தொடுவதால் பிறப்பவை. வரிசை முழுவதும் தமிழுக்கென்றே முதலிலிருந்து அமைக்கப்பட்டிருந்தால், அவை டகர ணகரத்துக்கும் தகர நகரத்துக்கும் இடையில் நின்றிருக்க வேண்டும். கடைசியில் நிற்பதற்கு எளிய விளக்கம், ஏற்கெனவே இருந்த ஒரு வரிசையின் முடிவில் அவை சேர்க்கப்பட்டன என்பதே. தமிழிலிருந்தே மற்ற எழுத்து முறைகள் பிறந்தன என்று வாதிடுவோர் இந்த வாலைப் பற்றிப் பேசுவது அரிது.

இதே போன்ற ஒரு வால் கிரேக்க எழுத்து வரிசைக்கும் உண்டு. கிரேக்கர் கி.மு. எட்டாம் நூற்றாண்டளவில் பினீசியரிடமிருந்து எழுத்தைப் பெற்றனர். ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்களே ஆலெஃப், பேத் என்னும் செமித்தியப் பெயர்களின் திரிபு. பினீசிய எழுத்தில் மெய்களுக்கு மட்டுமே குறிகள் இருந்தன. உயிரொலி இல்லாமல் கிரேக்கச் சொற்களைத் தெளிவாக எழுத முடியாது. ஆகவே தங்களுக்குத் தேவைப்படாத சில மெய்க்குறிகளை எடுத்து அவர்கள் உயிரெழுத்துகளாக்கினர். ஃபை, கை, ப்சை, ஒமேகா போன்றவற்றைப் புதிதாகச் செய்து கடைசியில் சேர்த்தனர். கடன் பெற்றதை அவர்கள் மறைக்கவும் இல்லை. எழுத்தைப் பினீசியர் கொண்டுவந்தனர் என்று எரோடோட்டசு வெளிப்படையாக எழுதினார். அவற்றைப் பினீசிய எழுத்து என்றே அழைத்தார். ஏதென்சுப் பெருமைக்கு அதனால் எந்தக் குறைவும் நேர்ந்ததாக அவர் கருதவில்லை.

1952-இல் மைக்கேல் வென்ட்ரிசு படித்துக் காட்டிய 'நேர்கோட்டு பி' எழுத்துமுறை இன்னொன்றையும் நிறுவியது. பினீசிய எழுத்து வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்க மொழி முற்றிலும் வேறொரு எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்து அழிந்தது, மொழி அழியவில்லை. எழுத்து ஒரு மொழிக்கு உடை போன்றது என்று சொல்வதுகூட மிகை. உடை இல்லாமலும் நெடுங்காலம் வாழ்ந்த மொழிகள் உண்டு. இருந்தும் நவீன காலத்தில் கிரேக்கத் தோற்றம் பற்றிய சண்டை ஓயவில்லை. கிரேக்கப் பண்பாட்டின் எகிப்திய, செமித்திய வேர்கள் மறைக்கப்பட்டன என்று மார்ட்டின் பெர்னல் 1987-இல் தொடங்கிய 'கறுப்பு ஏதீனா' நூல்வரிசை வாதிட்டது. அதை மறுத்து மேரி லெஃப்கோவிட்சு 1996-இல் எழுதினார். அங்கும் சான்றுகளைவிட, யாருக்கு யார் கடன்பட்டவர் என்ற மனக்கணக்கே ஓங்கி ஒலித்தது. பெருமையும் புண்பாடும் தமிழருக்கு மட்டும் உரியவை அல்ல.

மகாதேவனின் முடிவுக்கு உண்மையான சவால் பெருமிதப் பேச்சிலிருந்து வரவில்லை, அகழாய்வுக் குழிகளிலிருந்து வந்தது. பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஓர் ஈமக்குழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 அளவிலான காலம் கணிக்கப்பட்டது. அதே குழியில் 'வய்ர' என்று பொறித்த தாங்கி ஒன்றும் இருந்தது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 கணிக்கப்பட்டு, அதன் அடிப்படையில் தமிழியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என அறிக்கை முடிவு செய்தது. இலங்கையின் அனுராதபுரத்திலும் அசோகருக்கு முந்தையவை எனக் கொள்ளப்படும் பிராமிப் பானையோடுகள் கிடைத்துள்ளன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அசோகருக்குப் பின்னர்தான் தெற்கே எழுத்து வந்தது என்ற நிலைப்பாடு முன்போல் உறுதியாக நிற்கவில்லை. மகாதேவன் நூலின் மிகப் பலவீனமான பகுதி இந்தக் காலவரையறையே.

ஆனால் எதிர்த் தரப்பின் வாதமும் சொல்லப்படுகிற அளவுக்கு இறுகவில்லை. கணிக்கப்படுவது கரியின், நெல்லின் வயது. ஓட்டில் பொறித்த எழுத்தின் வயது அல்ல. பொருந்தலில் நெல்லும் எழுத்தும் ஒரே குழியில் இருந்ததால் தொடர்பு நெருக்கமானது. கீழடியில் ஒரு மாதிரியின் வயதை அடுக்கு முழுவதற்கும் பரப்ப வேண்டியிருக்கிறது. மேலும் அந்த 'வய்ர' என்ற சொல், வஜ்ர என்னும் வடசொல்லின் பாகத வழித் தமிழ் வடிவம் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. தமிழ் எழுத்தின் தனித்தோற்றத்துக்குக் காட்டப்படும் மிகப் பழைய சான்றே ஒரு கடன்சொல் என்பது விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. பானைக் கீறல்களையும் சிந்துவெளிக் குறிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெருக்கல் குறியும் அம்பும் ஏணியும் உலகில் எங்கும் கீறப்படுபவை. சிந்துவெளி எழுத்து படிக்கப்படும்வரை வடிவ ஒற்றுமை சான்றாகாது.

பிற்காலத் தமிழ் எழுத்தின் கதையும் கடன் பற்றியதுதான். அதற்கு மீண்டும் பல்லாவரம் வர வேண்டும். அங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. பின்னர் அது இசுலாமியரின் வழிபாட்டிடமானது. மத்தவிலாசன், விசித்திரசித்தன் முதலான அவன் பட்டப்பெயர்கள் அங்கே பல்லவக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அதே அரசன் காலத்துக் குகைக்கோயில் ஒன்று செங்கற்பட்டை அடுத்த வல்லத்திலும் உண்டு. அங்குள்ள கல்வெட்டு தமிழில், தமிழ் எழுத்தில் அமைந்தது. ஒரே ஆட்சி, ஒரே வட்டாரம், இரண்டு எழுத்துகள். இந்தத் தமிழ் எழுத்து கிரந்தத்தின் சாயலில் உருவாகி, வட்டெழுத்திலிருந்து தமிழுக்கே உரிய ஒலிகளின் வடிவங்களைப் பெற்றது என்பது மகாதேவன் உள்ளிட்ட அறிஞர் பலரின் கருத்து. சோழர் ஆட்சியோடு அது தெற்கே பரவி, பாண்டிய நாட்டில் வட்டெழுத்தின் இடத்தைப் பிடித்தது. இன்று அச்சில் காணும் தமிழ் எழுத்தின் மூதாதை அதுவே. ஆகவே ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை மட்டும் கிரந்தம் என்று ஒதுக்கி, மற்றவை கலப்பற்றவை என்று கருதுவது எழுத்து வரலாற்றின்படி நிற்காது. அந்நான்கையும் தவிர்ப்பது நடை பற்றிய தேர்வாக இருக்கலாம், அதற்கு நியாயங்களும் உண்டு. தூய்மைக்கான சான்றாக இருக்க முடியாது. ஏ, ஓ என்ற நெடில்களை இன்றைய முறையில் வேறுபடுத்தி எழுதும் வழக்கமும் பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியரான வீரமாமுனிவரால் வந்தது. அவற்றை இத்தாலிய எழுத்து என்று யாரும் விலக்குவதில்லை.

அதே பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் 1911 முதல் 1950-இல் மறையும்வரை வாழ்ந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியர் பணியை விட்டு வந்து குடியேறி, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தை அங்கிருந்து தொடங்கினார். அவ்வியக்கத்தின் பெரும்பணி மறுக்க முடியாதது. வழக்கொழிந்திருந்த சொற்கள் அதனால் திரும்பின. இன்றைய மேடைத் தமிழும் அலுவலகத் தமிழும் அதற்குக் கடன்பட்டவை. ஆனால் அடிகளின் புகழ்பெற்ற மாற்றங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வேதாசலம் என்ற பெயர் மறைமலை ஆயிற்று. வேதம் மறை, அசலம் மலை. ஞானசாகரம் என்னும் இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் பொருள் அப்படியே இருக்கிறது, ஒலி மட்டும் தமிழாகியது. அயலிலிருந்து வந்த ஒன்றை எடுத்து, தமிழின் ஒலிக்கும் சொல்லுக்கும் வளைத்து, பிறகு அது வந்த இடமே நினைவில் வராதபடி தனதாக்கிக்கொள்ளும் அதே வேலையை, மாங்குளம் குகையில் னகரத்துக்கு ஒரு வளைவைச் சேர்த்த பெயர் தெரியாத கல்தச்சரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்தார். தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்தோர் தமிழ் எழுத்தின் கடனை மறுக்கப் பாடுபடுவது, அவ்வியக்கத்தின் தலைவர் தம் பெயரிலேயே செய்து காட்டியதை மறப்பதாகும்.