துங்குவின் முன்னுதாரணம்

2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் மலேசியா கையெழுத்திட்ட வர்த்தக உடன்படிக்கையைக் குறைகூறினால், பிரிட்டனின் துணையைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டும் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் சுதந்திரத்துக்கு ஊறு நேராமல் காத்தாரல்லவா, வல்லரசின் பக்கத்தில் நிற்பதனாலேயே ஒரு நாடு அடிமையாகிவிடுமா என்ற பதில் இப்போதெல்லாம் ஈப்போவில் அடிக்கடி காதில் விழுகிறது. அந்த முன்னுதாரணம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்காமல் அதன்மேல் புதிய சுமையை ஏற்றுவது விவேகமன்று.

துங்குவின் பெருமையில் எனக்கு ஆட்சேபமில்லை. 1957 அக்டோபரில் பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட அவரே தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பில் சேர மறுத்தார். 1960இல் லண்டன் காமன்வெல்த் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்தார். 1948இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டிப் பிரகடனமான அவசரகாலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த நாட்டுக்கு, அந்நியப் படை அன்று வேண்டியிருந்தது என்பதையும் பேராக்கில் பிறந்தவன் மறுக்க இயலாது.

ஆனால் ஒப்பந்த வாசகத்தில் சுதந்திரத்தைக் காப்பாற்றிவிட்டு, காரியத்தில் கூட்டாளிக்குப் புறவாசலைத் திறந்து வைத்ததே அந்தக் கொள்கையின் மூலாதாரமான பலவீனம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். மலாயாவிலிருந்த காமன்வெல்த் படைகளைத் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பின் காரியங்களுக்கு நேராக அனுப்பலாகாது என்பது ஏற்பாடு. 1962இல் லாவோஸ் நெருக்கடி முற்றியபோது, பட்டர்வொர்த்திலிருந்த ஆஸ்திரேலிய சேபர் போர் விமானங்கள், வடக்கேயுள்ள தாய்லாந்தை அடைவதற்காக முதலில் தெற்கே சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து கிளம்பி உபோன் தளத்துக்குச் சென்றன. வாசகத்துக்குப் பங்கமில்லை; விமானங்களும் போய்ச் சேர்ந்தன. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட இந்த யுக்தியை ராஜதந்திரச் சாமர்த்தியம் என்று மெச்சுவோர் இன்றும் உண்டு.

படை விஷயத்திலாவது சம்பிரதாயத்துக்கு ஒரு தடை இருந்தது; பண விஷயத்தில் அதுவும் இல்லை. 1967 நவம்பர் 18ஆம் தேதி ஸ்டெர்லிங் பவுனின் மதிப்பை லண்டன் குறைத்தபோது, அவ்வாண்டு ஜூனில் வெளியாகியிருந்த புதிய வெள்ளியை நமது அரசாங்கம் குறைக்காமல் நிறுத்தியது துணிவான செயல்தான். ஆயினும் ஸ்டெர்லிங்கையே ஆதாரமாகக் கொண்ட பழைய நோட்டுகள் அதனுடன் சேர்ந்து சரிந்தன. இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட பழைய ரப்பர்த் தோட்டங்களின் லயத்து வீடுகளில், இரு நாணயமும் சம மதிப்புடையவை என்ற உறுதியை நம்பிப் பழைய நோட்டைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்த பால்மரத் தொழிலாளிக்கு, தன்னுடைய ஒரு வெள்ளி இரவோடிரவாக 85 காசாகிப் போனதற்குப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தும் பரிகாரம் சொல்லவில்லை. பினாங்கில் ஹர்த்தால் கலவரமாகி உயிர்களைப் பலிகொண்டது. இரண்டு மாதங்களுக்குள், 1968 ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கேயுள்ள படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக பிரிட்டனின் வில்சன் அரசாங்கம் அறிவித்தது. நாணய மதிப்புக் குறைப்புக்கும் படை விலக்கலுக்கும் லண்டனின் கஜானாதான் காரணம். கோலாலம்பூரின் க்ஷேமம் இரண்டிலும் குறுக்கே நிற்கவில்லை.

1974 மேயில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பீக்கிங் சென்றதை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். சீனாவுடன் உறவு கொண்டதில் ஆசியான் நாடுகளில் நாமே முதல்வர் என்பது மெய். ஆனால் பிரிட்டன் மூட்டை கட்டிய பிறகு, நிக்சனும் 1972இல் சென்று வழியைத் திறந்துவிட்ட பிறகு நடந்த யாத்திரை அது. இலங்கையோ 1952இலேயே அமெரிக்காவின் அதிருப்தியைப் பொருட்படுத்தாமல் ரப்பரைக் கொடுத்துச் சீன அரிசியை வாங்கிக்கொண்டது. அதற்கென்ன பெரிய படைபலமா இருந்தது?

இனி, புதிய உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு. தன் பொருளாதாரத்தையோ தேசியப் பாதுகாப்பையோ முன்னிட்டு மூன்றாவது நாடொன்றின் சரக்கின்மேல் அமெரிக்கா கட்டுப்பாடு விதித்து, அதை நமக்கு அறிவிக்குமானால், அதற்கு நிகரான கட்டுப்பாட்டை நாமும் கைக்கொள்ள வேண்டும், அல்லது இருவருக்கும் சம்மதமான ஒரு கால வரம்புக்கு இசைய வேண்டும் என்கிறது அது. இரு நாடுகளுக்கும் பொதுவான கவலையைத் தீர்ப்பதற்கே என்ற நிபந்தனை அங்கேயே இருப்பதால் பயமில்லை என்று ஆதரிப்போர் தேற்றுகின்றனர். 19 விழுக்காடு சுங்கவரியைக் கையில் பிடித்துக்கொண்டு பேரம் பேசிய அமெரிக்க அரசாங்கம், எது பொதுவான கவலை என்ற சர்ச்சை மூளும்போது நம்முடைய வியாக்கியானத்துக்குச் செவிசாய்க்கும் என்று இவர்கள் எதைக்கொண்டு நம்புகிறார்களோ அறியேன்.

1957 ஏற்பாட்டில் தடை கூட்டாளிக்கு இருந்தது. சுற்றுவழி தேடும் சிரமம் அவருடையதாக இருந்தது. இதிலோ கடமை நம் தலையில் விழுந்திருக்கிறது. தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பின் காகிதத்தில் கையெழுத்திட மறுத்த துங்குவை, பிறருடைய பகையை நம்முடையதாக்கிக்கொள்ளும் இந்தக் காகிதத்துக்குச் சாட்சியாக அழைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.