ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்

சிந்த்-பாப் குழுவான டெபெஷ் மோடின் ரசிகர்களில் பெரும்பாலானோர் 'வயலேட்டர்' வழியாக உள்ளே வந்தவர்கள். 1990-இல் வந்த அந்த இருண்ட, கனத்த இசைக்குப் பழகிய காதுக்கு, 1981-இன் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' மிட்டாய் மாதிரி இனிக்கிறது. இனிக்கிறது என்பதாலேயே அதை ஓரங்கட்டிவிடுகிறார்கள். பாடல்களை வின்ஸ் கிளார்க் எழுதிய அந்தக் காலத்தைக் குழுவின் விளையாட்டுப் பருவம் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வருடம்தான் உச்சம். மார்ட்டின் கோர் பிற்பாடு எழுதிய அருமையான பாடல்களையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

1980-இல் இங்கிலாந்தின் பேசில்டனில் அந்தப் பையன்களிடம் என்ன இருந்தது? கிளார்க்கிடம் ஒரு காவாய் 100எஃப்எஸ், கோரிடம் யமஹா சிஎஸ்-5, ஆண்டி ஃப்ளெட்சரிடம் மூக் பிராடிஜி. மூன்றுமே ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் பேசும் சிந்தசைசர்கள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். கார்ட் வேண்டுமானால் மூன்று பேரும் ஆளுக்கொரு ஸ்வரம் பிடிக்க வேண்டும். கிளார்க் பெரும்பாலும் அந்த வழிக்குப் போகவில்லை. ஆளுக்கொரு மெட்டையே கொடுத்துவிட்டார். 'காம்போசிஷன் ஆஃப் சவுண்ட்' என்று பெயர் வைத்திருந்தவர்கள் அந்தப் பெயரை விட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றும். அவர்கள் செய்த காரியம் அதுதான். ஒரு ஸ்கவுட் கூடத்தில் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாடிக்கொண்டிருந்த டேவ் கஹானைக் கேட்டுக் கிளார்க் பாடகராக அழைத்துக்கொண்டதும், பிரெஞ்சு ஃபேஷன் பத்திரிகையின் பெயர் குழுவுக்கு வந்ததும் அதே வருடம்தான்.

கோர் வங்கியிலும் ஃப்ளெட்சர் இன்ஷூரன்ஸிலும் வேலை பார்த்துக்கொண்டே மேடையேறிய நாட்கள் அவை. லண்டன் கேனிங் டவுனில் பிரிட்ஜ் ஹவுஸ் என்ற பப்பில் ஃபேட் கேட்ஜெட் என்ற இசைக்கலைஞருக்கு முன்னால் வாசித்தபோது டேனியல் மில்லர் கேட்டார். 1978-இல் ஒரு கோர்க் 700எஸ்ஸை வைத்துக்கொண்டு 'த நார்மல்' என்ற பெயரில் தனியாளாக இசைத்தட்டு வெளியிட்டு, அதற்காகவே மியூட் லேபிளைத் தொடங்கியவர் அவர். ஒற்றை ஸ்வரக் கருவியில் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பெரிய கம்பெனிகள் வலைவீசியும் பையன்கள் அவரோடுதான் போனார்கள். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, கைகுலுக்கல்தான். லாபத்தில் பாதிக்குப் பாதி. 'நியூ லைஃப்' பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 11-ஆம் இடத்துக்கு ஏறியபோது, 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கருவிகளைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் போனார்கள்.

ஆல்பம் பதிவானது பிளாக்விங் ஸ்டுடியோவில். வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் அது. மில்லர் தன் ஆர்ப் 2600-ஐயும் அதன் சீக்வென்சரையும் அங்கே கொண்டுவந்தார். சீக்வென்சர் என்றால் இன்றைய திரை அல்ல. பதினாறு படிகள்; ஒவ்வொரு படியின் சுருதியையும் கையால் நகர்த்தி, காதால் சரிபார்த்து வைக்க வேண்டும். ஒரு வரியை மாற்ற நினைத்தால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவு சிரமப்பட்டு வைக்கும் ஸ்வரத்தை யாரும் வீணாக வைக்கமாட்டார்கள்.

'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்பந்து மைதானங்களில் கத்திக் கத்தித் தேய்ந்துபோன பாட்டு என்பதால் யாரும் இப்போது காது கொடுப்பதில்லை. அந்தத் துள்ளும் ரிஃப் தனியாக வந்து நிற்கிறது. அடியில் வந்து சேரும் பேஸ், ரிஃப்பின் தாளத்தைத் திருப்பிச் சொல்லாமல் அது விட்ட இடங்களில் கால் வைக்கிறது. கஹான் மூச்சு வாங்கும் இடத்தில் வேறொரு சின்ன மெட்டு எட்டிப்பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எதுவும் எதன் மேலும் இடிப்பதில்லை. கல்லூரி விடுதியில் நண்பனின் கேசியோவில் நாங்கள் மூவர் ஆளுக்கு ஒரு விரல் வைத்து இதை வாசித்துப் பார்த்திருக்கிறோம். ஒருவன் கையை எடுத்தாலும் பாட்டு ஓடும், ஆனால் அவன் விட்டுப்போன ஓட்டை அப்படியே கேட்கும். எந்த வரியும் ஒப்புக்குச் சேர்த்ததில்லை என்பதை அன்றைக்குத்தான் விரலால் உணர்ந்தேன்.

1981 முடிவதற்குள் கிளார்க் விலகிவிட்டார். கோர் பொறுப்பேற்றார், ஆலன் வைல்டர் வந்தார், 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' காலத்தில் இரும்பைத் தட்டிச் சாம்பிள் எடுத்தார்கள். அந்தச் சத்தங்களின் அழகை மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே சூழல்தான் முதலில் வருகிறது, மெட்டு அதற்குள் உட்கார்ந்துகொள்கிறது. கிளார்க்கிடம் மெட்டுகள் சேர்ந்துதான் சூழலே உண்டாகிறது. அலிசன் மோயேவோடு யாஸூவாக அவர் 1982-இல் தந்த 'ஒன்லி யூ'வில் அந்தக் கீழ்நோக்கி இறங்கும் எளிய வரிகளைக் கேட்டால் இந்த வித்தியாசம் புரியும். அத்தனை பெரிய குரலுக்கு அவ்வளவு மெலிந்த துணை போதும் என்று துணிய ஒரு தெளிவு வேண்டும்.

இப்போது வரும் சிந்த்-பாப் குழுக்களில் எனக்குக் குறையாகப் படுவது இந்தத் தெளிவுதான். லேப்டாப்பில் ஒரு விரல் வைத்தால் பத்து ஸ்வரம் எழும்புகிறது. பாட்டு தொடங்கும்போதே ரிவெர்ப் மூட்டம் அறையை நிறைத்துவிடுகிறது. எண்பதுகளின் பளபளப்பையும் நியான் அட்டைப்படங்களையும் கச்சிதமாகப் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாவது மெட்டு எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை. பேஸ் வரி கார்டின் அடி ஸ்வரத்தையே தட்டிக்கொண்டிருக்கிறது. திறமை இல்லாதவர்கள் அல்லர். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

பணமில்லாத பையன்கள் வேறு வழியின்றிச் செய்தது, அதைப் போய்க் கலை என்று தூக்கிவைக்காதே என்பார்கள் நண்பர்கள். ஆனால் பின்னாளில் தொடங்கிய எராஷர் குழுவின் வெற்றிக்குப் பிறகு உலகத்திலுள்ள எந்தக் கருவியையும் வாங்கும் வசதி கிளார்க்குக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்டவர் 2023-இல் தன் பெயரில் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்துக்கு இரண்டு விதிகள் வைத்துக்கொண்டார்: மாடுலர் கருவி ஒன்றிலிருந்தே ஒலிகளை உருவாக்குவது, ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து எழுப்புவது. 'சாங்ஸ் ஆஃப் சைலன்ஸ்' வெளிவந்ததும் அதே மியூட்டில்தான். பேசில்டனில் இல்லாமை விதித்த கட்டுப்பாட்டை, எல்லாம் இருக்கும்போது அந்த மனிதர் தானே விரும்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை அவரே சொல்லிவிட்டார்.