குமிழி அடங்கிய பிறகு

பெல்ஜியத்தின் புகன்ஹவுட் ஊரில் 1791 முதல் இயங்கிவரும் பாஸ்டீல்ஸ் ஆலை உருவாக்கிய பொன்னிற பியர் ‘தேயுஸ்’. லத்தீனில் கடவுள் என்று பொருள். ஊரில் காய்ச்சி நொதிக்கவைத்த பியரை பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்தது. பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, திருப்பித் திருப்பி, ஈஸ்ட் வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, உறையவைத்து வெளியே தள்ளினார்கள். ஷாம்பெயினுக்குச் செய்யும் அத்தனை உபசாரமும். ஆல்கஹால் 11.5 சதவீதம்.

சரி, சுவை? நன்றாகக் குளிரவைத்து ஒடுங்கிய கோப்பையில் ஊற்றினேன். முதல் மடக்கில் பச்சை ஆப்பிள், இஞ்சி, கொஞ்சம் கிராம்பு. நாக்கில் பொடிப்பொடியாக வெடிக்கும் குமிழிகள். 11.5 என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அடடா!

கால் மணி நேரம் போகட்டும். குளிர் விலகி, குமிழி அடங்க, மால்ட்டின் இனிப்பும் ஆல்கஹாலின் காரமும் மேலேறி உட்கார்ந்துகொள்கின்றன. ஷாம்பெயின் இப்படிச் சரிவதில்லை. ஏன்னா, குமிழி போனாலும் குளிர்ப்பிரதேசத் திராட்சையின் புளிப்பு அதைத் தாங்கிக்கொள்ளும். பார்லிக்கு அந்தப் புளிப்பு கிடையாது. அந்த வேலையையும் குமிழியே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஷாம்பெயின் பாட்டில், ஷாம்பெயின் கோப்பை, கடவுளின் பெயர் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல பியரை ஜெயிக்க முடியாத போட்டியில் இறக்கிவிடுகின்றன. அதே ஆலையின் ட்ரிப்பல் கார்மெலீட், பார்லி, கோதுமை, ஓட்ஸ் என்ற தன் தானியங்களை மறைப்பதில்லை. கடைசிச் சொட்டுவரை பியராகவே நிற்கிறது. எனக்கு அதுதான் பெரிய பியர்.

தேயுஸ் கையில் கிடைத்தால் தனியாகக் குடிக்காதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குளிர் போவதற்குள் முடித்துவிடுங்கள்.