கோப்பி நோயும் விஞ்ஞான அனுமானமும்

கோப்பி நோய் வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை தோன்றியது. மலைநாட்டு வரலாற்றை எழுதும் நம்மவர் பலர் இம்மூன்று வாக்கியங்களோடு அமைதி கொள்கின்றனர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையையே காரண காரியத் தொடர்பாகக் கொள்ளும் இப்போக்கு, கண்டிக்கு அண்மையில் பேராதனைப் பூங்காவிலேயே நடந்தேறிய சிறந்ததோர் ஆராய்ச்சியை மறைத்துவிடுகின்றது.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் அறிஞர் அது புதிய பங்கசு என அறிந்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். 'பாழாக்குவது' என்பது அப்பெயரின் பிற்பகுதி தரும் பொருள். ஆயின் பெயரிடுதல் வேறு, காரணத்தை நிறுவுதல் வேறு. பங்கசு நோயை விளைத்ததா, அன்றி மண்வளம் குன்றி நலிந்த மரத்தில் வந்து தங்கியதா? துரைமாரிற் பலர் பின்னதையே நம்பினர். அவர்களைப் பேதையர் என இகழ்வது எளிது. ஆனால் எழுபதுகளில் கோப்பி விலை உயர்ந்திருந்தது. காடுகள் மேலும் அழிக்கப்பட்டுப் புதுத் தோட்டங்கள் எழுந்தன. ஏக்கருக்குரிய விளைச்சல் வீழ்ந்ததை மொத்தத் தொகை மறைத்துக்கொண்டிருந்தது. கணக்கேடும் பொய்ச்சாட்சி சொல்லும்!

1880இல் மாஷல் வோர்ட் என்னும் இளைஞர் அரசினரால் இங்கு அனுப்பப்பட்டார். நலமான இலையின் அடிப்புறத்தில் குறித்த சில இடங்களில் மட்டும் வித்திகளை நீரோடு இட்டார். அவை முளைத்து, இலைவாய்களினூடாக உட்புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். ஏறத்தாழ இரு வாரங்களின் பின்னர் இட்ட இடங்களிலே புள்ளிகள் தோன்றின, இடாதவிடத்துத் தோன்றவில்லை. நம் தருக்க நூலார் அன்னுவயம், வெதிரேகம் எனக் கூறுவனவற்றை ஈண்டு ஒப்புநோக்கலாம். புகையுள்ள அடுக்களையைக் காட்டுவதோடு அவர்கள் நிற்பதில்லை. நெருப்பும் புகையுமில்லா நீர்நிலையையும் காட்டுவர். ஆயினும் வேறுபாடொன்று உண்டு. நீர்நிலை தருக்க நூலார்க்கு எடுத்துக்காட்டு. வோர்ட்டுக்கோ, வித்தி இடாத இலை தம் கொள்கையையே கவிழ்த்துவிடக்கூடிய பரிசோதனை. அவ்விலையிலும் புள்ளி தோன்றியிருப்பின் அவரது வாதம் அன்றே வீழ்ந்திருக்கும்.

பரவும் வழியையும் அவர் ஊகத்துக்கு விட்டாரல்லர். பசைப்பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைக் காற்றுப்படும் இடங்களில் வைத்து, அவற்றிற் படிந்த வித்திகளைக் கண்டார். பருவக்காற்றுக்கும் நோயின் எழுச்சிக்குமுள்ள உறவு இவ்வாறு தெளிவாயிற்று. அவருக்கு முன்னர் மொறிஸ் என்பார் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தூவுமாறு பரிந்துரைத்திருந்தார். வித்தி இலையினுள் புகுந்தபின் மேலே தூவும் மருந்தாற் பயனில்லை, புகுமுன்னரே காக்கவேண்டும் என்பது வோர்ட்டின் முடிவு. துரைமார் வேண்டியது மருந்து, கிடைத்ததோ விளக்கம். 1882இல் அவர் திரும்பிச் சென்றபோது அவர்கள் ஏமாற்றமடைந்ததில் வியப்பில்லை.

இனி, நம் வரலாற்றாசிரியரின் மூன்று வாக்கியங்களுக்கு வருவோம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867இல், அதாவது நோய் கண்டறியப்படுவதற்கு இரண்டாண்டு முன்னர். எண்பதுகளிற் பிரேசில் கோப்பியின் பெருக்கத்தால் விலை வீழ்ந்தது. 1884இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. நோய் தோட்டங்களை நலிவித்தது உண்மை. விலையும் கடனும் அந்நலிவை வீழ்ச்சியாக்கின. வோர்ட் ஒரு தனிப் புள்ளிக்குக் கேட்ட சான்றில் ஒரு பங்கையேனும் நாம் ஒரு நூற்றாண்டு வரலாற்றுக்குக் கேட்கலாகாதா? தோட்டங்கள் மூடப்பட்டபோது கூலி நிலுவையோடு தென்னிந்தியாவுக்கு மீண்ட தமிழ்த் தொழிலாளர் அம்மூன்று வாக்கியங்களில் எங்குமில்லை.

வோர்ட்டின் எழுத்தில் இன்னொரு கருத்தும் உண்டு. அதனை எடுத்தாள்வோர் சிலரே. மலைச்சரிவெங்கும் இடையீடின்றி ஒரே பயிர் செறிந்திருந்தமையே பங்கசுக்கு இத்துணை உணவை அளித்தது என்பது அது. கோப்பி பிடுங்கப்பட்ட அதே சரிவுகளில் தேயிலையும் ஒரே பயிராகவே நடப்பட்டது. 1946இல் அதன் இலைகளிற் கொப்புள நோய் தோன்றியது.