சாந்தி ஓடிய 800 மீட்டர்

ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் திடல்தடப் போட்டி. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கூட ஓடியவர்களைவிட ஒரு தலை உயரம், 200 மீட்டரை முதலாவதாக முடித்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். என் பக்கத்தில் குடை பிடித்து நின்ற ஒரு தகப்பனார் சொன்னார்: "அந்தக் காலோட நம்ம பிள்ளைங்க எப்படிங்க போட்டி போடும்?"

மகள் தோற்ற வருத்தம், புரிகிறது. ஆனால் எனக்குப் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் ஞாபகம் வந்துவிட்டது.

செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். பிறகு பாலினச் சோதனை. பதக்கம் போயிற்று, முடிவு ஊடகங்களில் கசிந்தது. ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். பின்னாளில் அவரும் சூளையில் செங்கல் சுமந்தார்.

நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் உயரம் 193 சென்டிமீட்டர், விரித்த கைகளோ 201. அதைப் பிறவிக் கொடை என்கிறோம். பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டாவின் குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம். ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிக அதிகம், தசைக்குப் போகும் ஆக்சிஜனும் அதிகம். 1964 இன்ஸ்புருக்கில் இரண்டு தனிநபர் தங்கம். அவற்றை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இவையும் சாந்தியின் உடம்பும் ஒன்றல்ல என்பார்கள். அதில் நியாயம் உண்டு. கை நீளத்துக்கென்று நீச்சலில் தனிப்பிரிவு கிடையாது, பெண்களுக்கு உண்டு. பருவ வயதில் ஆணுடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிவிடும் வலுவுக்கு எதிரே பெண்கள் தோற்றுக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வந்த பிரிவு அது. அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயற்கை ஆண், பெண் என்று எல்லா உடம்பிலும் நேர்க்கோடு போடுவதில்லை. கோடு போடுகிறவர்கள் ஓட்டத்துக்கு முன்பே போட வேண்டும். சோதனை முடிவையும் மூடிய அறையில் சொல்ல வேண்டும்.

பெண்களின் டெஸ்டோஸ்டிரோனுக்கு வரம்பு வைத்த விதியை எதிர்த்து ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் வழக்குப் போட்டார். இயற்கையான டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு சாதகம் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. பிறகு வேறு வடிவில் விதி திரும்பியது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட, முன்கூட்டியே ஒரு மரபணுச் சோதனை.

சாந்தி இப்போது தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அந்த வெள்ளி இன்னும் அவர் கைக்குத் திரும்பவில்லை.